வெந்நீர்த் தரைக்காரர்

நாற்காலியை இழுப்பதற்கு முன்னால் உதயசூரியன் குனிந்து, உள்ளங்கையை விரித்துத் தரையில் வைக்கிறார். ரங்கூனில் தின்கன்ஜூன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் டீக்கடை அது. சிமெண்டுத் தரை முழுக்கச் சிந்திய தேநீரின் பிசுபிசுப்பு. ஒரு மூச்சு விடும் நேரம் கை அங்கேயே இருக்கிறது. பிறகு இடுப்பில் கட்டிய லொஞ்சியில் துடைத்துக்கொண்டு உட்காருகிறார்.

"கீழேருந்து ஈரம் ஏறுது. இன்னொரு மழை தாங்கும். அப்புறம் இந்த மூலை பேந்துக்கிட்டு வந்துடும்."

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தேநீர் கொண்டுவந்த பெண் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குப் பழகியிருக்கும்.

வங்கியிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அப்படித்தான். காளி கோயிலில் அவர் தரையைத் தொடுவதைப் பார்த்து நல்ல பக்திமான் என்று நினைத்தவர்கள் உண்டு. மைத்துனியின் கல்யாணத்தில் மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டிருந்தபோது இவர் மண்டபத்துச் சலவைக்கல்லில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. "எல்லாரும் பொண்ணைப் பாக்குறாங்க. இவர் மட்டும் எதையோ தொலைச்சவர் மாதிரி கீழ தேடுறாரு," என்கிறார் மனைவி அனு. பாதி தமிழிலும் பாதி பர்மியத்திலும் இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். உதயசூரியனும் சிரிக்கிறார். தன்னைப் பற்றிய சிரிப்பில் முதல் ஆளாகச் சேர்ந்துகொள்வது அவர் சுபாவம்.

குள்ளமான, அகன்ற தோள்கொண்ட மனிதர். வயது நாற்பத்தைந்தைத் தொடுகிறது. முழங்கால் இரண்டும் ஒட்டகத்தின் முழங்கால்போலக் காய்த்துக் கறுத்திருக்கின்றன. வேலை செய்கிற நேரமெல்லாம் அவர் மண்டியிட்டே இருக்கிறார். அப்பா தமிழர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அம்மா பர்மியப் பெண். அப்பா உதயசூரியன் என்று பெயர் வைத்தார். அம்மா நேலின் என்று கூப்பிட்டார். பர்மியத்தில் அதற்குச் சூரிய வெளிச்சம் என்று பொருள். தொழிலாளிகளுக்கு அவர் கோ நேலின், வேலை மும்முரத்தில் ஸயா, அதாவது ஆசான். "ரெண்டு பேர்லயும் சூரியனை வெச்சுட்டாங்க. நான் சூட்டோட மாரடிக்காம வேற என்ன செய்வேன்?" என்பார்.

அவர் கற்றுவந்த தொழில் தரையைச் சூடாக்குவது. சித்திரை மாதத்தில் எல்லாரும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் தரையில் முதுகை ஒட்டிக் குளிர்ச்சி தேடுகிற ஊர் இது. இந்த ஊரில் போய் அப்படி ஒரு தொழில்.

கொரியாவில் பத்து வருஷம் கட்டட வேலை பார்த்தார். அங்கே வீடுகளில் அடுப்போ காற்றாடியோ கண்ணுக்குத் தெரியாது. தரைக்கு அடியில் குழாய் ஓடுகிறது, குழாயில் வெந்நீர் ஓடுகிறது, வீடு பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சூடாகிறது. போன புதிதில் அவரை ஒரு தகரப் பெட்டி அறையில் தங்கவைத்தார்கள். எல்லாச் சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாராம். பனிக்காலம் முற்றியதும் ஒரு வீட்டின் பின்னறைக்கு மாற்றினார்கள். கட்டில் இல்லை. தரையில் படுத்தார்.

"முதுகு பூரா யாரோ கை வெச்சாப்ல இருந்துச்சு," என்றார் என்னிடம். "அழுதுட்டேன். மறுநாள் மேஸ்திரிகிட்ட போயி, இந்த வேலையிலயே என்னைப் போடுங்கன்னு கேட்டேன். என்னா வேலைன்னு கேட்டாரு. எனக்குப் பேரு தெரியலை. தரையைத் தொட்டுக் காட்டினேன்."

அந்த மேஸ்திரியிடமிருந்து தொழிலையும் சில பழக்கங்களையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வந்தார். கம்பி கட்டும்போது கொரிய மொழியில்தான் எண்ணுவார், "ஹானா, துல், செத்" என்று. ஊருக்கு வடக்கே மாவ்பியில் விளையும் முட்டைக்கோஸை மிளகாயும் ஞாப்பி என்ற மீன் விழுதும் போட்டு ஊறவைத்து, அதைக் கிம்ச்சி என்று சொல்லிச் சோற்றோடு சாப்பிடுவார். அனு அதை வீட்டுக்கு வெளியே வைக்கச் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்த பிறகு அவருக்கு மிஞ்சியதெல்லாம் தண்ணீர் மோட்டார் பழுதும் குளியலறைக் குழாயும் மாடித் தொட்டியும்தான். அந்த வேலைகளிலும் குறை வைப்பதில்லை. ஆனால் யாராவது "கொரியாவுல என்னா செஞ்சீங்க?" என்று கேட்டால் கண் பளபளக்க விளக்குவார். கேட்டவர் சிரிப்பார். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, குழாய்த் திருகியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

சொர்ணம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

மாவ்பியில் கோழிக்குஞ்சு வளர்க்கிறவர் சொர்ணம்மாள். வயது அறுபதுக்கு மேல். ஊரில் டோ சொர்ணம் என்று மரியாதையாகச் சொல்வார்கள். முட்டையிலிருந்து வந்த மறுநாளே குஞ்சுகளை வாங்கி, இறகு முளைக்கும்வரை வளர்த்து, மற்றப் பண்ணைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரத்தில் தீனியைவிடச் சூடு முக்கியம். மார்கழியில் மாவ்பியின் விடியற்காலை நமக்கே நடுக்கம் தரும். கட்டைவிரல் கனம் உள்ள உயிர் என்ன செய்யும்?

முதலில் மின்விளக்குகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மின்சாரம் வருவதும் போவதும் யார் கையிலும் இல்லை என்று ஆன பிறகு கரியடுப்பு வைத்தார். ஒருநாள் உமி பற்றிக்கொண்டு கொட்டகையின் ஒரு பக்கம் கருகியது. அப்போதுதான் ஜமால் வந்தார். மிங்கலாடோனில் பழைய பஸ்களைப் பிரிக்கும் பட்டறையில் வேலை பார்த்த மெக்கானிக். உமி எரிக்கும் ஒரு கொதிகலனைத் தானே வெல்டிங் வைத்துச் செய்து, பஸ் ரேடியேட்டர்களைக் கொட்டகைச் சுவரில் வரிசையாக மாட்டி, பின்னால் மின்விசிறி வைத்தார். கொதிகலனின் வெந்நீர் ரேடியேட்டருக்குள் ஓடும், விசிறி சூட்டை உள்ளே தள்ளும். பார்க்க வந்தவர்கள் வாய்பிளந்து நின்றார்கள். சுவரில் பஸ்ஸின் முகங்கள் வரிசையாகப் பதித்ததுபோல இருக்குமாம்.

மின்சாரம் இருக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. போன குளிர்காலத்தில் ஒரு முறை போன மின்சாரம் மறுநாள்வரை வரவில்லை. விசிறி நின்றது. இருந்த சூடு கூரைக்கு ஏறிவிட்டது. தரையில் இருந்த குஞ்சுகள் குளிரில் ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை மூச்சுமுட்டிச் செத்தன.

"கூடை கூடையா வாரினேன் தம்பி," என்று உதயசூரியனிடம் சொன்னார் சொர்ணம்மாள். "எத்தனைன்னு எண்ணலை. எண்ணியிருந்தா அன்னைக்கே கொட்டகையைப் பூட்டியிருப்பேன். இந்தக் குளிருக்கும் அப்படி ஆச்சுன்னா, மக வீட்டுல போயி உக்காந்துக்குறேன். இனிமே என்னால வார முடியாது."

தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கத்தான் அன்று அவர் போயிருந்தார். மோட்டாரைப் பிரித்துப் போட்டபடியே கொட்டகைக்குள் நுழைந்து, வழக்கப்படி குனிந்து கையை வைத்தார். அப்படியே மண்டியிட்டு, சுவரோரமாக இன்னோர் இடம், நடுவில் ஓர் இடம் என்று தொட்டுக்கொண்டே போனார்.

"அக்கா, சூடெல்லாம் மேல போவுது. குஞ்சு மேல இல்லையே, கீழல்ல இருக்கு."

"அதுக்கு என்னா பண்ணச் சொல்றே?"

"தரைக்குள்ள கொண்டுபோயிடலாம். கல்லும் சிமெண்டும் சூட்டைக் குடிச்சு வெச்சுக்கும். மீ போனாலும் அது பாட்டுக்கு விட்டுக்கிட்டு இருக்கும்."

பர்மியத்தில் மின்சாரமும் மீ, நெருப்பும் மீ. "கோழிக்குஞ்சுக்குக் கொரியா வீடா?" என்று கேட்டார் சொர்ணம்மாள். பிறகு, "செய்யி," என்றார்.

ஜமாலுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததில் நியாயமும் இருந்தது. "எம் ரேடியேட்டர்ல என்னா கொறை? ஒரு சொட்டு ஒழுகிச்சா? மீ இல்லாததுக்கு நானா பொறுப்பு?" என்று கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றபடி கேட்டார்.

நானாக இருந்தால் பதில் பேசியிருப்பேன். உதயசூரியன் ரேடியேட்டர்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். "ஒழுகலை பாய். கொரியாவுலகூட இப்படிச் சுத்தமான வெல்டிங்கைப் பாக்குறது கஷ்டம். இந்தக் கொதிகலனை நான் தொடமாட்டேன். எனக்கு இது அப்படியே வேணும். உங்க தண்ணியை நான் கீழ் வழியா கொண்டுபோறேன், அவ்வளவுதான்."

மறுநாள் ஜமால் மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

வேலை நடந்தபோது நானும் இரண்டு மூன்று முறை மாவ்பிக்குப் பஸ் ஏறினேன். உதயசூரியன் பழைய தரையைப் பெயர்த்து, மண்ணைச் சமன்செய்து, மேலே அரிசி ஆலையில் கொட்டிக் கிடந்த உமிச்சாம்பலைக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பினார். கொரியாவில் இந்த இடத்தில் தெர்மாகோல் பலகை போடுவார்களாம், சூடு கீழே இறங்காமல் இருக்க. இங்கே அதைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் உமிச்சாம்பலுக்கு வந்திருந்தார். ஈரம் படாமலிருக்கச் சாம்பலுக்குக் கீழும் மேலும் பிளாஸ்டிக் விரிப்பு. அதற்கு மேலே கம்பி வலை. வலையின் மேல் வெள்ளைக் குழாய் வளைந்து வளைந்து, ஒரு பெரிய ஜிலேபிபோலத் தரை முழுக்கப் படர்ந்தது. அதன்மேல் அவர் முழங்காலால் நகர்ந்துகொண்டே கம்பி முறுக்குவார். "ஹானா, துல், செத்..." எதிர்முனையில் முறுக்கிக்கொண்டிருந்த ஜமாலும் சில நாட்களில் அப்படியே எண்ண ஆரம்பித்திருந்தார். அதை அவரே கவனித்ததாகத் தெரியவில்லை.

குழாய்தான் தட்டுப்பாடு. கடை கடையாக அலைந்து கிடைத்தது ஒரு சுருளும் ஒரு சிறு துண்டும். முழுக் கொட்டகைக்கும் அது போதாது. "சின்னச் சின்னத் துண்டா வாங்கி ஒட்டிப்போமே," என்றார் ஜமால்.

"மண்ணுக்குள்ள மூட்டு வெக்கமாட்டேன் பாய். குழாய் எங்க ஒழுகினாலும் மூட்டுலதான் மொதல்ல ஒழுகும். மூட்டுன்னா கண்ணுக்குத் தெரியற இடத்துல இருக்கணும். மூடிட்டா அப்புறம் யார் வந்து பாப்பா?"

கடைசியில் குஞ்சுகள் முதல் வாரம் இருக்கும் பாதியில் மட்டும் குழாய் போடுவது என்றும், மறுபாதியை வளர்ந்த குஞ்சுகளுக்கு விடுவது என்றும் முடிவானது. சுருளைச் சில வட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டத்தின் இரு முனையும் தரைக்கு வெளியே வந்து சுவரோரத்தில் ஒரு பித்தளைக் குழலில் சேர்ந்தன.

கலவை கொட்டிய நாளில் நான் அங்கே இருந்தேன். குழாய்களில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியைச் சுவரில் மாட்டியிருந்தார். கலவை கொட்டும்போது குழாய் எங்காவது அடிபட்டால் முள் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அக்கம்பக்கத்தார் பத்துப்பேர் சேர்ந்து சட்டி சட்டியாகக் கலவை கொண்டுவந்து கொட்டினார்கள். ஜமால் பல்லுள்ள இழுவையால் பரப்பிக்கொண்டே வந்தார். சொர்ணம்மாள் பெரிய பானையில் தேநீரோடு வாசலில் நின்றார். திருவிழாபோல இருந்தது.

முக்கால்வாசி முடிந்தபோது உதயசூரியன் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க."

முள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் சுவரோரக் குழலில் வட்டங்களை ஒவ்வொன்றாக அடைத்து, எந்த வட்டத்தில் ஓட்டை என்று கண்டுபிடித்தார். அந்த வட்டத்தின் தண்ணீரை வடித்துவிட்டு, கை பம்பால் காற்றை அடிக்கச் சொன்னார். "எல்லாரும் குந்திக்கிட்டு தரையைப் பாருங்க. குமிழு வரும்." பத்துப்பேரும் பலகைகளின்மேல் குந்தி, ஈரக் கலவையை உற்றுப் பார்த்தார்கள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கலவை இறுகிவிட்டால் எல்லாம் வீண்.

வடக்குச் சுவரோரத்தில், கஞ்சி கொதிக்கத் தொடங்குவதுபோல ஒரு குமிழ் வந்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

உதயசூரியன் கையாலேயே கலவையைத் தோண்டினார். குழாய் வெளியே வந்தது. அதில் ஒரு பல் பதிந்த கிழிசல். எல்லோர் கண்ணும் ஜமாலின் கையிலிருந்த இழுவைக்குப் போனது.

சொர்ணம்மாள் தேநீர்ப் பானையைக் கீழே வைத்தார். "வேணும்னே செஞ்சியா ஜமாலு? உன் ரேடியேட்டரைக் கழட்டினோம்னு இந்த வஞ்சமா? என் வயித்துல அடிக்கிறியே!"

ஜமாலின் முகம் சாம்பலாகிவிட்டது.

"அக்கா." உதயசூரியன் தலையை நிமிர்த்தவில்லை, கிழிசலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "குழாய் மேல பல்லு இழுவை போடக்கூடாது, பலகையாலதான் தள்ளணும். இது எனக்குத் தெரியும். பாய்க்குத் தெரியாது. நான் சொல்லலை. இது எந் தப்பு."

"நீ அவனைக் காப்பாத்தாதே."

"காப்பாத்தலை அக்கா. அவர் கையில இழுவையைக் குடுத்ததே நான்தான்."

ஜமால் இழுவையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினார். சட்டைப்பையில் கையை விட்டு இரண்டு பித்தளை இணைப்புகளை எடுத்தார். முதல் நாளிலிருந்தே பையில் வைத்திருந்தார் போலும். "மூட்டு வெக்கமாட்டீங்க, தெரியும். ஆனா வேற வழி இல்லையே, ஸயா."

அவரை ஜமால் ஸயா என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வட்டத்துக்கு வேறு குழாய் போடச் சுருள் மிச்சமில்லை. கிழிசலைத் தரைக்குள்ளேயே ஒட்டி மூடிவிட்டால் சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. உதயசூரியன் இணைப்புகளைக் கையில் உருட்டியபடி கிழிசலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். கிழிசலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழந்தான் இருந்தது.

"மூட்டு வெப்போம் பாய். ஆனா உள்ளே இல்லை. ரெண்டு முனையையும் சுவரோரமா தரைக்கு மேல தூக்கிடலாம். அந்தச் சின்னத் துண்டை நடுவுல போட்டு, வெளியிலேயே மூட்டுங்க. ஒழுகினாலும் தெரியும், நாளைக்கு யார் வந்தாலும் சரி பண்ணலாம்."

பிறகு நடந்தது நான் பார்த்த வேலைகளில் வேகமானது. ஈரக் கலவையை வாரி வாரித் தள்ளினார்கள். கட்டுக்கம்பிகளை அவிழ்த்து, குழாயைத் தளர்த்தி, முனைகளை மேலே வளைத்தார்கள். ஜமால் சுவரோரம் படுத்தவாக்கில் சாய்ந்து இணைப்புகளை முறுக்கினார். அழுத்தம் ஏற்றினார்கள். முள் ஏறி நின்றது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அது அசையவில்லை. சொர்ணம்மாள் தேநீரை ஊற்றினார். முதல் குவளையை ஜமாலிடம் நீட்டினார். ஜமால் வாங்கிக்கொண்டார்.

கலவை நன்றாகக் காயும்வரை கொதிகலனைப் பற்றவைக்கக் கூடாது என்று உதயசூரியன் சொல்லிவிட்டார். குளிர் நெருங்கிக்கொண்டிருந்தது. சொர்ணம்மாள் பொறுமை இழந்தார். "இன்னும் எத்தனை நாளு? தரைக்குப் பத்தியம் வெக்கிறியா தம்பி?"

"புள்ள பெத்த உடம்பு மாதிரிதான் அக்கா. அவசரப்பட்டா வெடிச்சுடும்."

நடுவில் அவர் தின்கன்ஜூனிலிருந்து பஸ் பிடித்து வந்து போய்க்கொண்டிருந்தார், தரையில் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கைப் போர்த்த. அந்த வேலையைப் பண்ணையில் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். கேட்டால், "தூக்கம் வரலை," என்பார். அனு என்னிடம் வேறு மாதிரி சொன்னார்: "கொரியாவுல அவர் போட்ட தரை எல்லாம் யாரோ முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு. யார் படுத்தாங்கன்னு இவர் பாத்ததே இல்லை. இதைப் பாக்கணும்னு இருக்கு அவருக்கு. வாயால சொல்லமாட்டாரு."

கழற்றிய ரேடியேட்டர்களில் ஒன்றை உதயசூரியன் பட்டறைக்கு அனுப்பவிடவில்லை. கொட்டகைக்கு வெளியே, கொதிகலனுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். குஞ்சுகள் வளர வளர உள்ளே சூடு குறைய வேண்டும். உமி நெருப்போ சொன்னவுடன் அடங்காது. மிஞ்சும் சூட்டை வெளியே விட ஒரு வழி வேண்டும். அதற்கு ஜமாலின் ரேடியேட்டரைவிடப் பொருத்தமானது வேறு எதுவும் இல்லை. ஜமால் அதை மாட்டுவதற்கு முன் பச்சை வர்ணம் பூசினார். வர்ணம் பூசினால் சூடு போகாது என்று யாராவது சொல்லுவார்களோ என்று ஒரு பார்வை பார்த்தார். உதயசூரியன், "நல்லாருக்கு," என்றார்.

குஞ்சுகள் வந்த அன்று பொழுது சாயும்போதே மின்சாரம் போய்விட்டது. எனக்கு மறுநாள் காலையில்தான் போக முடிந்தது. வழியெல்லாம் பஸ் ஜன்னலை மூடியே வைத்திருந்தார்கள். வயல்களின்மேல் பனி இறங்கி நின்றது. இறங்கி நடந்தபோது பண்ணையில் எந்த விளக்கும் எரியவில்லை.

கொதிகலனுக்கு எதிரே ஜமால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீரைச் சுற்றவிடும் சின்ன பம்பு ஒரு கார் பேட்டரியில் ஓடியதாகவும், விடிவதற்கு முன்பே பேட்டரியும் தீர்ந்துவிட்டதாகவும் சொன்னார். கொட்டகை வாசலில் சொர்ணம்மாளும் உதயசூரியனும் நின்றிருந்தார்கள். கதவு மூடியிருந்தது. சொர்ணம்மாள் ஒரு காலிக் கூடையைக் கையில் வைத்திருந்தார்.

"நீயே தொற தம்பி."

"உங்க கொட்டகை அக்கா. நீங்க தொறங்க."

"என்னால முடியாது. போன வருசம் இப்படித்தான் நின்னேன்."

"சத்தத்தைக் கேளுங்க," என்றார் உதயசூரியன்.

கேட்டோம். கதவுக்குள்ளிருந்து வந்தது கீச்சுக்குரல் இல்லை. குளிர்ந்த குஞ்சு கூவும், வீறிடும். இது மெல்லிய முணுமுணுப்பு, தானியத்தைச் சட்டியில் அலசுவதுபோல. சொர்ணம்மாளின் முகம் மாறியது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே மற்றக் கையால் தாழ்ப்பாளை இழுத்தார்.

உள்ளே மூலைகள் நான்கும் காலியாக இருந்தன. குஞ்சுகள் தரை முழுக்க, எள்ளை வாரி இறைத்ததுபோலச் சிதறிக் கிடந்தன. சில கொத்திக்கொண்டிருந்தன, சில கால் நீட்டி, இறக்கையைத் தளர்த்திப் படுத்திருந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய குவியல் எங்கும் இல்லை. சொர்ணம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, கிருமிநாசினித் தண்ணீரில் காலை நனைத்து உள்ளே போனார். ஓரமாக நடந்து போய் எல்லா மூலைகளையும் பார்த்தார். இறந்தவை ஒன்றிரண்டு இருந்தன. எந்தக் கூட்டத்திலும் அப்படி இருக்கும். அவற்றை எடுத்துக் கூடையில் போட்டார். கூடையின் அடிகூட மறையவில்லை. வெளியே வந்து, எழுந்து வந்திருந்த ஜமாலின் கம்பளி முனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொஹிங்கா பண்ணியிருக்கேன், எல்லாரும் வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் நடந்தார்.

முற்றத்தில் பலகை போட்டார்கள். மொஹிங்காவின் மீன்குழம்பு ஆவி பனியில் கலந்து எழுந்தது. நாங்கள் உட்கார்ந்தோம். ஒரு கிண்ணம் மட்டும் ஆள் இல்லாமல் இருந்தது.

"ஸயா, வாங்க, ஆறிடும்!" என்று ஜமால் குரல் கொடுத்தார்.

திறந்திருந்த கதவு வழியாக அவர் தெரிந்தார். சுவரோரமாகக் குந்தியிருந்தார். ஒரு குஞ்சு அவருடைய புறங்காலில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடியிருந்தது. இன்னொன்று அதன்மேல் சாய்ந்து இடம் பார்த்துக்கொண்டிருந்தது. உதயசூரியன் எழவில்லை. நீங்கள் சாப்பிடுங்கள் என்று ஒரு கையை எங்கள் பக்கம் அசைத்தார். மற்றக் கையால், தொங்கிக்கொண்டிருந்த லொஞ்சியின் விளிம்பை மெல்ல, அவற்றின்மேல் படாதபடி முழங்காலுக்கு மேலே ஒதுக்கிக்கொண்டார்.